ஷோய்காவைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை

மாண்புமிகு தலைவர் அவர்களே! வீட்டில் காலுறையின் ஜோடியைத் தேடும்போது என் கணவராகவும், மேடையேறிவிட்டால் பேலி ப்ரோத் வட்டார ஷோய்கா கார் உரிமையாளர் சங்கத்தின் தலைவராகவும் திகழ்கிற ராதிசாவ் அவர்களே!

முன்வரிசையை நிரப்பியிருக்கும் மூத்தோரே! முதுகு வளைந்தாலும் முயற்சி வளையாமல், மூச்சிரைக்கும் வண்டிகளின் முகம் துடைத்துக் கூட்டிவந்திருக்கும் முன்னோடிகளே! தாய்மார்களே! "அஞ்சே நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் புகுந்துகொண்ட கணவனின் இரண்டு கால்களை மட்டும் பார்த்துக்கொண்டே குடும்பம் நடத்திக் காட்டிய குலவிளக்குகளே!

ஓட்டி வந்தவர்களே! தள்ளி வந்தவர்களே! கயிறு கட்டி இழுத்து வரப்பட்டவர்களே! இந்த நிமிடம் மொராவா ஆற்றுப் பாலத்தின் நடுவில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "இதோ வந்துகிட்டே இருக்கேன்" என்று தொலைபேசியில் கூசாமல் பொய் சொல்லிக்கொண்டிருக்கும் அன்புச் சகோதரர்களே! உங்கள் அத்தனை பேருக்கும் விதோசாவாவின் பணிவான வணக்கம்.

சற்றுமுன் தலைவர் அவர்கள் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். கேட்டீர்கள். "இனி நம் ஆண்டுவிழாவில் ஷோய்கா துணுக்குப் போட்டி நடக்காது. உறுப்பினர் எவரும் பொது இடத்தில் ஷோய்காவைக் கேலி செய்யக் கூடாது. இது நம் தன்மானம்" என்றார். எதிர்த்துப் பேச யாராவது உண்டா என்றும் கேட்டார். சும்மா ஒப்புக்குத்தான் கேட்டார். நான் கையைத் தூக்கினேன். அவர் முகத்தைப் பார்த்தீர்களா? உலகத்தில் எத்தனையோ சங்கங்கள் இருக்கின்றன, எத்தனையோ தலைவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எதிர்க்கட்சியோடு ஒரே கட்டிலில் உறங்கி, எதிர்க்கட்சி வார்த்த காப்பியைக் குடித்துவிட்டு வந்த தலைவர் இவர் ஒருவர்தான்.

யாரங்கே சிரிப்பது? சிரியுங்கள், சிரியுங்கள். தீர்மானம் இன்னும் நிறைவேறவில்லை. நான் பேசி முடிக்கும்வரை சட்டப்படி உங்களுக்கு அனுமதி உண்டு.

இந்த எதிர்ப்பில் எனக்கு ஒரு சொந்த நோக்கம் இருக்கிறது. அதை ஒளிக்கப்போவதில்லை. குளிர்காலத்தில் தலைவருக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்தது உங்களுக்குத் தெரியும். ரொட்டியும் பழமும் கொண்டுவந்து பார்த்தீர்கள். உடம்பு தேறிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து இந்த மனிதர் ஒரு நாள்கூடச் சிரிக்கவில்லை. என்னோடு சண்டை போடுவதுகூட இல்லை! எத்தனையோ ஆண்டுகள் சிரிப்பாலும் சண்டையாலும் என்னைச் சோர்வடையச் செய்தவர், இப்போது சன்னலோரம் உட்கார்ந்து சாலையைப் பார்க்கிறார். சிரிப்பு அவரை விட்டுப் போய்விட்டது, அதை உங்களிடமிருந்தும் பறித்து ஒரேயடியாகக் கதவைச் சாத்தப் பார்க்கிறார். இந்தத் தீர்மானம் நிறைவேறினால் எனக்கு என் கணவர் திரும்பக் கிடைக்க மாட்டார். அதனால்தான் வந்து நிற்கிறேன்.

முறைக்காதே, ராதிசாவ். மேடையில் மரியாதை வேண்டுமென்றால், முறைக்காதீர்கள் தலைவர் அவர்களே!

முதலில் தன்மானம் என்னும் வாதத்துக்கு வருகிறேன். ஷோய்கா! ஒரு பறவையின் பெயரை வைத்தார்கள். பறவைக்கும் இதற்கும் என்ன பொருத்தம்? இரண்டுமே மழை வந்தால் நகராது என்பதைத் தவிர வேறு என்ன பொருத்தம்? வாங்கிய நாளில் இதற்கு நான்கு கதவுகள் இருந்தன என்பது வரலாறு. இன்று நாம் எந்தக் கதவு வழியாக ஏறுகிறோம் என்பது ரகசியம். இடப்பக்கம் திரும்ப விளக்குப் போட்டால் வலப்பக்கத் துடைப்பான் ஆடும். வலப்பக்கம் திரும்ப விளக்குப் போட்டால் ஹாரன் அடிக்கும். வானொலியில் ஒரே ஓர் அலைவரிசை, அதுவும் பிரேக் போட்டால் மட்டும். இதையெல்லாம் நமக்கு யார் சொல்லித் தந்தார்கள்? ஒருவரும் இல்லை. பட்டுத் தெரிந்துகொண்டோம்.

இந்த மேடையில் எத்தனை துணுக்குகள்! ஷோய்காவைத் திருடிப் போன திருடன் விடிந்ததும் சொந்தக்காரன் வீட்டுக் கதவைத் தட்டி, "அண்ணே, கோவிச்சுக்காதீங்க, கொஞ்சம் வந்து தள்ளுங்க" என்று கேட்ட கதையைச் சொன்னது யார்? ஆமாம், திகோமிர்தான். மழை வந்தால் ஷோய்காவை விட்டு வெளியே இறங்கி நின்றுவிடு, உள்ளே இருந்தால் நனைந்துவிடுவாய் என்று சொன்னது யார்? அதோ, தொப்பியால் முகத்தை மறைத்துக்கொள்கிறாரே, நம் தேவாலயப் பாதிரியார். அவரிடமும் ஷோய்காதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவர் தாமதமாக வந்தால் யாரும் கோபப்படுவதில்லை. மண்டியிட்டு வேண்டிக்கொண்டிருப்பார் என்று நமக்குத் தெரியும். எங்கே மண்டியிட்டிருப்பார் என்பதும் தெரியும், டயரின் ஓரத்தில்தான்.

இப்படிச் சிரித்தோமே, மானம் போயிற்றா? கேட்கிறேன், ஒரு திருகாணியாவது கழன்றதா? கழன்றது, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அது சிரிப்பினால் அல்ல!

மானம் எங்கே போகும், எப்படிக் காப்பாற்றப்படும் என்பதற்கு என்னிடம் ஒரு சாட்சி இருக்கிறது. என் திருமணம்.

என் அப்பா ஒப்ரேன். ஜெர்மனியில் கட்டட வேலை பார்த்தவர். ஆண்டுக்கொரு முறை ஆகஸ்டில் கரும்பச்சை நிறத்தில் கப்பல்போல ஒரு வண்டியில் வந்து இறங்குவார். அதன் கதவைச் சாத்தினால் "தப்" என்று ஒரு சத்தம் வரும், பஞ்சு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி. அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே எங்கள் ஊர் ஆண்கள் வேலியோரம் நிற்பார்கள். அப்படிப்பட்டவரின் ஒரே மகளைப் பெண் கேட்டு வந்தவர் எதில் வந்தார்? வெளிர்மஞ்சள் ஷோய்காவில் வந்தார்! கதவைச் சாத்தினார். சத்தம் வரவில்லை. கைப்பிடி கையோடு வந்தது.

அப்பா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டார்.

"பையன் நல்லவன்தான். மறுக்கல. ஆனா இந்தச் சோப்பு டப்பாவுலயா நீ போகப்போற? கல்யாணத்தன்னிக்கு என் வண்டியத் தர்றேன், அதுல போங்க."

"அவரு வண்டியிலதாம்ப்பா போவேன்."

"நடு வழியில நின்னுடும்."

"நின்னா தள்ளிக்குவோம்."

"ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. உன் ஊர்வலத்துக்குப் பின்னால நான் வருவேன். அந்தச் சனியன் எங்கயாச்சும் நின்னுச்சுன்னா, நீ இறங்கி என் வண்டியில ஏறி வீட்டுக்கு வந்துடணும். கல்யாணம் அதோட சரி. கண் முன்னால என் மக ரோட்டுல நிக்கிறத நான் பாக்க மாட்டேன்."

"சரி" என்றேன். வாய் துடுக்கு எனக்கு அப்போதே உண்டு. பெண்ணைப் பெற்றவன் ஊர்வலத்தின் பின்னால் வருவது எங்கள் பக்கம் வழக்கமே இல்லை. ஆனால் அப்பாவிடம் வழக்கத்தைச் சொல்ல யாருக்குத் தைரியம் இருந்தது?

திருமண நாள். காலையில் மாப்பிள்ளை வீட்டு ஊர்வலம் வந்தது. ஊதுகொம்புக்காரர்கள் முன்னே, மார்பில் ரோஸ்மேரிக் கொத்து செருகியவர்கள் பின்னே, ஒவ்வொரு வண்டிக்கும் நெய்த துண்டு கட்டி, ஹாரன் அலற அலற வந்தார்கள். வாசல் மரத்தின் உச்சியில் கட்டிய ஆப்பிளைச் சுட்டு வீழ்த்தினால்தான் மாப்பிள்ளைக்கு உள்ளே வர அனுமதி. ராதிசாவ் சுட்டார், சுட்டார், சுட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஆப்பிளே மனமிரங்கி விழுந்தது. அதுவரை எல்லாம் சுபம்.

நான் வண்டியில் ஏறினேன். மாப்பிள்ளை வண்டி ஓட்டக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் இரண்டாவது கியரை முழங்காலால் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பது அவருக்கு மட்டும்தானே தெரியும்? அவரே ஓட்டினார். அவருக்குப் பக்கத்தில் எங்கள் கூம் திகோமிர். மணச்சாட்சியாக நின்று, உடன்பிறந்தவனுக்கும் மேலாக ஆகிவிடுகிற அந்தக் கூம்! ராதிசாவின் சித்தி யெலிகா, வழக்கங்களின் காவலர், எங்களுக்கு அடுத்த வண்டியில். எல்லோருக்கும் கடைசியில் கரும்பச்சைக் கப்பல்.

ஊர் எல்லையில் யெலிகா சித்தியின் குரல் கேட்டது.

"டேய் ராதிசாவ், எங்கடா போற? ஆத்துப் பக்கமா திரும்புற?"

"அந்த வழிதான சித்தி சமமா இருக்கு?"

"அந்த வழியிலதானடா காலையில வந்தோம்! பொண்ணக் கூட்டிட்டு வந்த வழியே திரும்புற ஊர்வலத்த எங்கயாச்சும் பாத்திருக்கியா?"

அன்பர்களே, இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். என் ஊரிலிருந்து பேலி ப்ரோத்துக்கு அன்று இரண்டே வழி. ஒன்று ஆற்றோரம், உள்ளங்கைபோலச் சமம். மற்றொன்று கவ்ரான் மேடு, ஆடுகளே யோசித்து ஏறும் மேடு. புத்தியுள்ளவன் என்ன செய்திருப்பான்? காலையில் வெறும் வண்டியோடு மேட்டு வழியாக வந்து, பெண்ணோடு திரும்பும்போது சம வழியில் போயிருப்பான். ஆனால் நம் தலைவர், வண்டி முதல் நாளே பழுப்பு நிறப் புகையாக இருமியதால், காலையில் சம வழியில் வந்துவிட்டார். வருவது மட்டும்தான் நினைவில் இருந்தது. திரும்புவதை மறந்துவிட்டார்! சுகமான சாலையைக் காலையிலேயே செலவழித்துவிட்டு, சிரமமான சாலையைச் சம்சாரத்துக்காகச் சேர்த்து வைத்தார்.

கை தட்டாதீர்கள். அவருக்குக் கோபம் வருகிறது. சரி, தட்டுங்கள், கோபமாவது வரட்டும்.

கவ்ரான் மேட்டில் ஏறினோம். முதல் வளைவுவரை ஷோய்கா முனகியது. இரண்டாவது வளைவில் முக்கியது. பிளம்ஸ் தோட்டத்தின் அருகில், கொஞ்சம் அகலமான இடத்தில், ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. முதல் கியர் போட்டால் இரைச்சல் வருகிறது, வண்டி வரவில்லை. பின்னால் அத்தனை வண்டிகளும் நின்றன. ஊதுகொம்பு நின்றது. அந்த அமைதியில் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. "தப்."

அப்பா நடந்து வந்தார். சன்னலருகே குனிந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வா மகளே. இறங்கு."

நான் ராதிசாவைப் பார்த்தேன். காதெல்லாம் சிவந்து, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கூம் திகோமிர்தான் பேசினார்.

"ஒப்ரேன் அண்ணே, இன்னும் நிக்கல. இளைப்பாறுது."

"நகரலல்ல? நகரலன்னா நின்னாச்சு."

அப்போது ராதிசாவுக்கு வாய் திறந்தது. "முன்னால போகாது. பின்னால போகும்" என்றார். கேட்டவர்கள் அவருக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்தார்கள். ஆனால் இங்கே உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத் தெரியுமல்லவா? ஷோய்காவிலேயே பலமான கியர் எது? சொல்லுங்கள், உரக்கச் சொல்லுங்கள்! ஆமாம், ரிவர்ஸ்! முன்னேற்றத்துக்கு வலுவில்லாமல் பின்வாங்க மட்டும் அபார வலுவோடு படைக்கப்பட்ட ஒரே வாகனம்! நான்கு ஆண்கள் தூக்காத குறையாக வண்டியை அங்கேயே திருப்பினார்கள். வண்டியின் வால் மேட்டைப் பார்த்தது. மூக்கு கீழே, என் பிறந்த வீட்டைப் பார்த்தது.

உடனே யெலிகா சித்தி நடுச் சாலையில் இரு கைகளையும் விரித்து நின்றுவிட்டார்.

"நடக்காது! பொறந்த வீட்டத் திரும்பிப் பாத்துக்கிட்டே எவளாச்சும் வாக்கப்பட்டுப் போவாளா? எங்க குடும்பத்துக்கு ஆகாது! இப்ப பாரு, நேரா அவ அப்பன் வீட்டு ஓட்டப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா!"

இந்தப் பக்கம் அப்பா, இறங்கு என்கிறார். அந்தப் பக்கம் சித்தி, பார்க்காதே என்கிறார். நடுவில் பின்னோக்கி மட்டும் போகிற ஒரு வண்டி. என்ன செய்வேன்? பின் இருக்கையில் அப்படியே முழங்காலிட்டுத் திரும்பினேன். முகத்திரையைத் தோளில் போட்டுக்கொண்டு, பின்கண்ணாடி வழியாக மேட்டு உச்சியைப் பார்த்தேன். "இப்பச் சொல்லுங்க சித்தி, நான் எந்த வீட்டப் பாக்குறேன்?" என்றேன். சித்தி வந்து எட்டிப் பார்த்தார். என் மூக்கைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார். குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. முணுமுணுத்துக்கொண்டே விலகினார்.

புறப்பட்டோம். ஆனால் பின்கண்ணாடி முழுக்க என் முகத்திரை. ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியவில்லை. வழி சொல்வது என் பொறுப்பாயிற்று.

"இடது! இடது!"

திருப்பினார். பள்ளத்தின் விளிம்புக்கே போய்விட்டோம்.

"ஐயோ, உன் இடது இல்ல, என் இடது!"

"ரெண்டும் ஒண்ணுதானடி?"

"நீ அந்தப் பக்கம் பாத்து உக்காந்திருக்க, நான் இந்தப் பக்கம் பாத்து உக்காந்திருக்கேன், எப்படி ஒண்ணாகும்?"

எங்கள் இல்லறத்தின் முதல் வாக்குவாதம் அதுதான். இன்றுவரை அதே வாக்குவாதம்தான் நடக்கிறது. கருத்து மட்டும் அவ்வப்போது மாறும்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே, சரளைக் கல்லில் சக்கரம் சுழன்றது. மீண்டும் நின்றது. ஆண்கள் இறங்கினார்கள். கூம், ஊதுகொம்புக்காரர்கள், யெலிகா சித்தியின் கணவர், எல்லோரும் கீழ்ப்பக்கமிருந்து வண்டியின் மூக்கில் கைவைத்துத் தள்ளினார்கள். நகரவில்லை. இன்னும் ஓர் ஆள் வேண்டும். ஓர் ஆள் அங்கேயே இருந்தார், கைகளைக் கட்டிக்கொண்டு. திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரிந்தது. அவரிடம் என்ன சொல்வேன்? "அப்பா, மன்னிச்சிருங்க" என்றால் நான் தோற்றேன். "அப்பா, தள்ளுங்க" என்றால் என் கணவர் தோற்றார். கெஞ்சவும் முடியாது, கட்டளையிடவும் முடியாது. மேட்டு உச்சியையே பார்த்தபடி சன்னல் வழியாகக் கத்தினேன்:

"அப்பா! இந்த வண்டிக்கு முன்பக்கம் ரெண்டு லைட்டு எதுக்கு வெச்சிருக்கான் தெரியுமா?"

பதிலையும் நானே சொன்னேன்:

"தள்றது யாருன்னு பாக்கத்தான்!"

ராதிசாவ், பெண்டாட்டியின் முதல் குறிப்பைப் புரிந்துகொண்ட கணவராக, விளக்கைப் போட்டார். ஒன்று எரிந்தது. பட்டப்பகலில், ஒற்றை விளக்கு, சரியாக அப்பாவின் மீது! யாரோ சிரித்தார்கள். கூம் சிரித்தார். கொம்புக்காரர்கள் சிரித்தார்கள். அப்புறம் ஒரு சிரிப்பு வந்தது, இருமலில் தொடங்கி வயிறு குலுங்கி வெளியே வந்த சிரிப்பு. கைகளைக் கட்டிக்கொண்டு அப்படிச் சிரிக்க முடியாது. அடுத்த நிமிடம் வண்டியின் மூக்கில் இரண்டு கனமான கைகள் விழுந்தன.

"லைட்ட அணை, கண்ணு கூசுது! யாருன்னு தெரியணுமா? நான்தான்டா மகனே, நான்தான்!"

எங்கள் பக்கத்தில் தகப்பனுக்கு மனம் இளகினால் மகளையும் "மகனே" என்றுதான் கூப்பிடுவான். அப்பா சிரித்ததை நான் பார்க்கவில்லை. திரும்பக் கூடாதே! கேட்டேன். அழுதுகொண்டே இடது, வலது சொன்னேன். வண்டி உச்சி ஏறியது. தேவாலய மணி கேட்டது.

உச்சியில் அப்பா கையைத் துடைத்துக்கொண்டு ராதிசாவிடம் சொன்னார்: "மருமகனே, என் வண்டிய நான் ஒருத்தனே ஓட்டிடுறேன். உன் வண்டிய ஓட்ட ஒரு ஊர்வலமே தேவைப்படுது." அது கேலிதான். ஆனால் "மருமகனே" என்று அவர் சொன்னது அதுவே முதல் தடவை. அதன்பிறகு ஆகஸ்டுதோறும் ஜெர்மனியிலிருந்து எங்களுக்கு ஒரு புதுத் துணுக்கு வரும். துணுக்கைச் சொல்லிவிட்டு, கோட்டைக் கழற்றிவிட்டு, தள்ளுவார்.

இப்போது புரிகிறதா, இந்தப் பள்ளத்தாக்கில் நம் எழுதாத சட்டம் எங்கே பிறந்தது என்று? சொந்தக்காரன் முன்னால் ஷோய்காவைக் கேலி செய்தவன், அடுத்த முறை அது நிற்கும்போது வந்து தள்ள வேண்டும்! சாவு வீட்டு வாசலானாலும் தள்ள வேண்டும், சண்டைக்காரன் வண்டியானாலும் தள்ள வேண்டும். வெளியூர்க்காரன் சிரித்துவிட்டுப் போய்விடுவான். அது ஏளனம். நாம் சிரித்துவிட்டுக் கை கொடுப்போம். இது உறவு. இரண்டையும் ஒரே தீர்மானத்தில் போட்டுக் கட்டலாமா? கட்டலாமா, கேட்கிறேன்!

சரி. வசந்தகாலக் கூட்டத்துக்கு வருகிறேன். நம் வூகோமான், அதோ மூன்றாவது வரிசையில், எழுந்து ஒரு துணுக்குச் சொன்னான். "ராதிசாவ் அண்ணனும் ஒண்ணு, அவர் ஷோய்காவும் ஒண்ணு. காலையில ரெண்டையும் உசுப்பினா, நாலு இருமல் இருமிட்டுத்தான் எந்திரிக்கும்" என்றான். சபை சிரித்தது. நானும் சிரித்தேன், துணுக்கு நன்றாகத்தான் இருந்தது. தலைவர் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து சட்டைப் பொத்தானைக் கழற்றி, நெஞ்சிலிருக்கும் தழும்பைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு நின்றார். நீங்கள் வண்டியைப் பார்த்துச் சிரித்தீர்கள். அவர் காதில் அது தன்னைப் பற்றிய செய்தியாக விழுந்தது. பழசு, ஓடாது, தள்ள வேண்டும், உதவாது என்று. அன்றிரவு பிறந்ததுதான் இந்தத் தீர்மானம்.

வூகோமான், தலையைக் குனியாதே. நீ தப்புச் செய்யவில்லை. சபையோரே, உங்களுக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். மறுநாள் காலையிலேயே இந்தப் பையன் எங்கள் வாசலுக்கு வந்தான். "அண்ணி, நேத்து கேலி பண்ணிட்டேன். வண்டி நிக்குதாமே, தள்ள வந்தேன்" என்றான். சட்டத்தை மதித்தான்! தலைவர் என்ன செய்தார்? "தேவையில்ல, போப்பா" என்று வாசலோடு அனுப்பிவிட்டார். இன்று காலையிலும் அண்டைவீட்டார் தள்ள வந்தார்கள். அவர்களையும் அனுப்பிவிட்டார். ஷோய்கா சங்கத்தின் தலைவர் ஷோய்கா விழாவுக்கு எதில் வந்தார் தெரியுமா? பேருந்தில்! கூட நானும் வந்தேன். சன்னலோர இருக்கை, நல்ல குளிர்காற்று, ஒரு குலுக்கல் இல்லை, ஒரு சத்தம் இல்லை. சாவு ஊர்வலம்போல இருந்தது.

ஆகவே குற்றம் சாட்டுகிறேன்! சட்டத்தை மீறியவன் கேலி செய்தவனா? இல்லை! தள்ள மறந்தவனா? இல்லை! தள்ள வந்த கையைத் தட்டிவிட்டவர்தான் மீறினார், அவர் அந்தத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்!

ராதிசாவ், கேள். உன் நெஞ்சைத் திறந்து மூடிய நாளில் நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, இந்த வூகோமான் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கூம் திகோமிர் ஒரு வேளையும் என்னைப் பட்டினி விடவில்லை. பாதிரியார் ஷோய்காவில் புறப்பட்டு, நடந்து வந்து சேர்ந்தார். இவர்கள் யாரென்று நினைத்தாய்? எல்லோரும் உன்னைக் கேலி செய்தவர்கள்! உன்னைக் கேலியே செய்யாத ஒருவர்கூட அங்கே வரவில்லை. கவ்ரான் மேட்டில் நீ நின்றபோது நான் இறங்கிப் போனேனா? நீ மட்டும் இப்போது ஏன் இறங்கிப் போகிறாய்? எனக்குப் பயமாக இருக்கிறது, ராதிசாவ். எனக்கு ஓடுகிற கணவன் வேண்டாம். சிரிக்கிற கணவன் வேண்டும். ஓடுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

சபையோரே! தீர்மானத்தை எதிர்ப்பவர்கள் கை தூக்க வேண்டாம். கை எல்லாம் மசகு எண்ணெய், மேடைக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்கும் உங்கள் வண்டிக்குள் கையை நீட்டி ஹாரன் அடியுங்கள்! ஹாரன் வேலை செய்யாதவர்கள் வலப்பக்கத் திரும்பு விளக்கைப் போடுங்கள்! அதுவும் இல்லாதவர்கள் வாயால் அடியுங்கள்!

ஆகா! ஆகா! மொராவாவுக்கு அந்தக் கரையில் மாடுகள் ஓடுகின்றன, போதும், போதும்!

கொஞ்சம் அமைதி. தலைவர் எழுந்திருக்கிறார். வாருங்கள், ஒலிபெருக்கிக்கு வாருங்கள். வர மாட்டாராம். என் காதில் சொல்கிறார். பின்வரிசைக்குக் கேட்காது, நான் சொல்கிறேன், அப்படியே சொல்கிறேன்:

"டாக்டர் என் நெஞ்சத் தொறந்து பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் மூடிட்டாரு. என்ன டாக்டர்னு கேட்டேன். 'இந்த மாடலுக்கு இப்ப சாமான் கெடைக்கிறதில்ல. மெதுவா ஓட்டு. மேடு வந்தா பெண்டாட்டியக் கேட்டுக்க'ன்னாரு."

சிரியுங்கள்! சிரியுங்கள், அவரும் சிரிக்கிறார், பாருங்கள், தோள் குலுங்குகிறது!

இருங்கள். இன்னும் ஒன்று சொல்கிறார். இதைத் தன் வாயாலேயே சொல்லட்டும். சொல்லு ராதிசாவ், இங்கே பார்த்துச் சொல்லு.

"வண்டி வீட்டுல நிக்குது. என்னால தள்ள முடியாது. யாராச்சும் வர்றீங்களா?"

கேட்டீர்களா? கேட்டுவிட்டார்! நாற்காலிகளைத் தட்டிவிடாதீர்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடினால் மைதான வாசல் போதாது! வூகோமான், நீ முதலில் போ. பாதிரியாரே, அங்கியை மடித்துக்கொள்ளுங்கள். பொறுமையாகக் கேட்ட செவிகளுக்கும், புறப்பட்டுவிட்ட கால்களுக்கும், சபையைப் பாதியில் காலி செய்தாலும் என் மனதை நிறைத்த உங்கள் எல்லோருக்கும் நன்றி. என் வீட்டு வாசலில் சந்திப்போம், வணக்கம்!